பழைய பேக்ஹோவில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கோளாறு: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது எப்படி

பழைய பேக்ஹோ வண்டியில் ஸ்டீயரிங் டைட்டானால் முதல் பழி பம்ப் மேல் விழும். பம்பை மாற்றியும் சரியாகவில்லை என்றால் ஆர்பிட்ரால் (ஸ்டீயரிங் தூணின் அடியில் எண்ணெயை அளந்து அனுப்பும் யூனிட்) மேல் விழும். இரண்டையும் மாற்றிய பிறகும் அதே டைட்டோடு ஓடும் வண்டிகள் ஏராளம். காரணம், பழுது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் வெளியே இருப்பதுதான். கிரீஸ் காணாத கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் முளை), உள் ரப்பர் உரிந்த சக்ஷன் ஹோஸ் (டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாய்), தூசு சிக்கிய ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயை டேங்குக்கு விடுவது), சீல் போன சிலிண்டர் என்று பட்டியல் நீளும். ஆகவே கழற்றச் சுலபமானதை முதலில் பாருங்கள், ஆர்பிட்ராலைத் திறப்பதைக் கடைசிக்கு வையுங்கள். இங்கே அறிகுறிகளை எழுதியிருப்பதும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான்.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஆபரேட்டரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். வண்டி ஆறியிருக்கும்போது டைட்டா, சூடான பிறகா? ஸ்லோவில் மட்டுமா, ஆக்சிலேட்டர் கொடுத்தாலுமா? இரண்டு பக்கமும் அப்படியா, ஒரு பக்கம் மட்டுமா? பக்கெட்டில் லோடு இருக்கும்போதா, காலியாக இருந்தாலுமா? லோடரை இயக்கும்போது மாறுகிறதா? கடைசியாக எதைக் கழற்றி மாட்டினார்கள்? இந்தப் பதில்கள் கையில் இருந்தால் பாதி இடங்களைத் தொடாமலே தள்ளிவிடலாம்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை

பழைய வண்டிகளில் இரண்டு வகை உண்டு. முதலாவதில் ஸ்டீயரிங் பாக்ஸ், இழுகம்பி எல்லாம் இருக்கும். ஹைட்ராலிக் ராம் அதற்குத் துணையாகத் தள்ளிக் கொடுக்கும். இஞ்சின் நின்றாலும் சக்கரம் ஸ்டீயரிங்கோடு இரும்பால் இணைந்தே இருக்கும். இரண்டாவது வகையில் ஸ்டீயரிங் தூணுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பே கிடையாது. தூணின் அடியில் இருக்கும் ஆர்பிட்ரால் யூனிட் எண்ணெயை அளந்து சிலிண்டருக்கு அனுப்பும். அந்த எண்ணெய்தான் சக்கரத்தைத் திருப்பும். யூனிட்டில் நான்கு ஹோஸ் இருக்கும்: பம்பிலிருந்து வருவது, டேங்குக்குத் திரும்புவது, இடது, வலது. ஐந்தாவதாக ஒரு மெல்லிய லைன் இருந்தால் அது லோடு சென்சிங் லைன். அது, லோடருக்கு முன் ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் கொடுக்கும் பிரையாரிட்டி வால்வுக்குப் போகும்.

கீழே சொல்வதில் பெரும்பகுதி ஆர்பிட்ரால் வகைக்கானது. ராம் வகைக்கு மட்டும் பொருந்துவதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

லோடர் பக்கெட், பின்பக்க பக்கெட் இரண்டையும் தரையில் இறக்குங்கள். ஹேண்ட் பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இஞ்சினை நிறுத்திய பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் சில முறை ஒடித்து லைனில் நிற்கும் அழுத்தத்தை விடுங்கள். லோடர் கையைத் தூக்கி வைத்துத்தான் வேலை செய்ய வேண்டுமென்றால், சிலிண்டர் ராடில் பூட்டுத் தாங்கி மாட்டாமல் அடியில் போகாதீர்கள். ஹைட்ராலிக் எண்ணெய் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி அடியில் படுத்தவர்கள் எழாமலே போனதுண்டு.

ஒழுகலை விரலால் தடவித் தேடவே கூடாது. ஊசி முனையளவு ஓட்டையிலிருந்து 100 பாருக்கு மேல் பீய்ச்சும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் சிறு புள்ளியாகத் தெரியும், வலிகூட இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் விரலையே இழக்க நேரும். ஒரு அட்டைத் துண்டைக் குச்சியில் கட்டி ஹோஸ் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். எண்ணெய்க் கறை படும் இடம்தான் ஓட்டை. தோலில் பட்டுவிட்டால் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அங்கே "அழுத்தத்தோடு எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று சொல்லுங்கள், வெறும் வெட்டுக்காயம் என்று சொல்லாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

லோடர் பக்கெட்டைத் தரையில் அழுத்தினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். உடனே முன் ஆக்சிலுக்கு அடியில் கனமான தாங்கியோ குறுக்குக் கட்டைகளோ கொடுத்து, எடையை அதன்மேல் இறக்குங்கள். இப்போது சக்கரங்கள் காற்றில் இருக்கும். இஞ்சினை ஸ்லோவில் விட்டு ஸ்டீயரிங்கை ஒடித்துப் பாருங்கள்.

சக்கரம் தரையில் இல்லாதபோது லேசாகத் திரும்பி, தரையில் இறக்கியதும் டைட்டாகிறது என்றால் அழுத்தம் குறைகிறது, அல்லது முன்பக்கம் சுமக்கும் எடை அளவுக்கு மீறி இருக்கிறது. காற்றில் இருக்கும்போதும் டைட் என்றால் இஞ்சினை நிறுத்தி, சிலிண்டர் ராடு பின்னைக் கழற்றுங்கள். இனி சக்கரத்தைக் கையால் தள்ளுங்கள். ஒரு ஆள் தள்ளினால் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும். போகவில்லையா? ஹைட்ராலிக் பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம். கிங்பின் இறுகியிருக்கிறது, இல்லாவிட்டால் டை ராடு முனை பிடித்திருக்கிறது, அல்லது ஆக்சில் எதிலோ இடிக்கிறது.

பேக்ஹோவில் கிங்பின் சீக்கிரம் சாவதற்குத் தனிக் காரணம் உண்டு. லோடர் பக்கெட் நிறைய மண்ணைச் சுமந்து போகும்போது முழுப் பாரமும் முன் ஆக்சில்மேல் ஏறுகிறது. அந்தப் பாரத்தோடு நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை ஒடிப்பார்கள். பாரம் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் கிரீஸ் இருக்காது. சக்கரம் தரையில் இருக்கும்போது கிரீஸ் கன்னால் எவ்வளவு அடித்தாலும் அழுந்தியிருக்கும் முகங்களுக்கு நடுவே கிரீஸ் நுழைவதில்லை, பக்கவாட்டில் பிதுங்கி வந்துவிடும். ஆக்சிலைத் தூக்கி, எடையை எடுத்துவிட்டு, சக்கரத்தை இரண்டு பக்கமும் ஆட்டியபடியே அடியுங்கள். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே தள்ளப்பட்டுப் புது கிரீஸ் தலைகாட்டும் வரை அடிக்க வேண்டும். இதோடு டயர் காற்றையும் கேஜ் வைத்துப் பாருங்கள். காற்றுக் குறைந்த முன் டயர்கள் நல்ல ஸ்டீயரிங்கையும் டைட்டாக்கிவிடும்.

இரண்டு பக்கமும், எப்போதும் டைட்

முன் ஆக்சில் சரி என்று தெரிந்த பிறகே இங்கே வாருங்கள். எண்ணெய் அளவைப் பாருங்கள். சில பழைய வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குத் தனி டேங்க் இருக்கும். சிலவற்றில் லோடரும் ஸ்டீயரிங்கும் ஒரே டேங்க், இன்னும் சிலவற்றில் பின் ஆக்சில் எண்ணெயே ஹைட்ராலிக்குக்கும் போகும். எந்த எண்ணெய் என்று வண்டிப் புத்தகம் சொல்வதைத்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றுவது பெருங்கேடு. அது இந்த சீல்களின் ரப்பரை ஊதவைத்துக் கூழாக்கிவிடும். பிறகு பம்ப், யூனிட், சிலிண்டர் மூன்றையும் பிரித்து சீல் மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து, பம்ப் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பெல்ட்டில் ஓடினால் ஒடிக்கும்போது கீச்சென்று கத்துகிறதா? பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய் பட்டு வழுக்குகிறது. பம்ப் ஷாஃப்டின் சாவியோ கப்ளிங்கோ தேய்ந்திருந்தால் வெளியே எல்லாம் சுற்றும், உள்ளே எண்ணெய் நகராது.

இதற்குப் பிறகு பிரஷர் கேஜ் இல்லாமல் பேசுவது வெறும் ஊகம். 250 பார் வரை காட்டும் கேஜை ஒரு டி-இணைப்போடு பம்பிலிருந்து யூனிட்டுக்கு வரும் லைனில் மாட்டுங்கள். கியர் பம்ப் உள்ள பழைய வண்டிகளில் யூனிட் பெரும்பாலும் ஓப்பன் சென்டர் வகை. அதாவது ஸ்டீயரிங் சும்மா இருக்கும்போது எண்ணெய் யூனிட்டின் வழியாகவே டேங்குக்குப் போய்க்கொண்டிருக்கும். அப்போது கேஜ் முள் அடியிலேயே நிற்க வேண்டும். சும்மா இருக்கும்போதே அழுத்தம் எகிறி நின்றால் ரிட்டர்ன் லைன் நசுங்கியிருக்கிறது, ரிட்டர்ன் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது யூனிட்டுக்குள் எண்ணெய் வழியைத் திறந்து மூடும் ஸ்பூல் நடுநிலைக்குத் திரும்பாமல் சிக்கியிருக்கிறது.

இனி ஸ்டீயரிங்கை ஒரு ஓரம் வரை ஒடித்து, ஐந்து விநாடிக்கு மேல் போகாமல் பிடியுங்கள். முள் ரிலீஃப் வால்வின் அளவுக்கு ஏற வேண்டும். அந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும். ஆர்பிட்ரால் வகையில் பெரும்பாலும் 100 முதல் 175 பாருக்குள் இருக்கும், ராம் வகையில் இன்னும் குறைவாக இருக்கலாம். ஏறினால் பம்பும் ரிலீஃபும் நல்லபடி இருக்கின்றன. பழுது எடையிலோ ஆக்சிலிலோ இருக்கிறது. ஏறவில்லையா? இஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை விட்டபின், யூனிட்டின் இடது, வலது துளைகளில் ஹோஸைக் கழற்றி, அதே மரையுள்ள எஃகு பிளக்கால் இறுக்கி அடைத்து, ஸ்லோவில் மறுபடி ஒடித்துப் பாருங்கள். இப்போது அழுத்தம் ஏறினால் யூனிட், பம்ப், ரிலீஃப் எல்லாம் நல்லவை, சிலிண்டர்தான் விடுகிறது. அப்போதும் ஏறவில்லை என்றால் சிலிண்டரை விட்டுவிட்டு மேல்நோக்கித் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ரிலீஃப் வால்வுக்கு முன்னால், பம்ப் வாயில் லைனை அடைத்துச் சோதிக்கக் கூடாது. எண்ணெய்க்குப் போக வழி இல்லாவிட்டால் பம்ப் உடல் வெடிக்கும், அல்லது ஷாஃப்ட் முறியும்.

ரிலீஃபைப் பிரிக்கும்போது, திருகு எத்தனை சுற்று உள்ளே இருந்தது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். உள்ளே ஒரு குண்டு அல்லது கூம்பு, ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். கூம்பு உட்காரும் இடத்தில் ஒரு இரும்புத் துகள் ஒட்டியிருந்தாலே போதும், அழுத்தம் முழுவதும் டேங்குக்கு ஓடிவிடும். கழுவி, உட்காரும் இடத்தில் வடு இருக்கிறதா என்று பார்த்து, அதே அளவுக்குத் திருப்பி மாட்டுங்கள். அழுத்தம் குறைகிறதே என்று திருகை இறுக்கி ஏற்றுவது பழுதை மறைக்கும் வேலை. தேய்ந்த பம்ப் அந்தச் சுமையில் இன்னும் வேகமாகத் தேயும், பழைய ஹோஸ் வெடிக்கும்.

மெதுவாக ஒடித்தால் லேசு, வேகமாக ஒடித்தால் டைட்

இங்கே அழுத்தம் இருக்கிறது, பம்ப் நிமிடத்துக்குத் தரும் எண்ணெய் போதவில்லை. கணக்கைப் பாருங்கள். யூனிட்டின் தகட்டில் அதன் கொள்ளளவு இருக்கும். ஒரு சுற்றுக்கு 160 சி.சி. என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 சுற்று வேகத்தில் ஒடித்தால் 9.6 லிட்டர் எண்ணெய் தேவை. ஸ்லோவில் பம்ப் 6 லிட்டர்தான் தருகிறது என்றால், 37 சுற்றைத் தாண்டியதும் ஸ்டீயரிங் கையில் கட்டையாகிவிடும். அதற்கு மேல் நீங்கள் எண்ணெயைக் கையால் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆக்சிலேட்டர் கொடுத்ததும் சரியாகிவிடுகிறதென்றால் பம்ப் தேய்ந்திருக்கலாம். கொடுத்தாலும் சரியாகவில்லை என்றால் பம்புக்கு எண்ணெய் சரியாக வராமல் இருக்கலாம். இரண்டாவதை முதலில் பாருங்கள். டேங்கின் அடியில் இருக்கும் சக்ஷன் ஸ்ட்ரெய்னர் பல வண்டிகளில் வருடக்கணக்கில் வெளிச்சமே பார்த்திருக்காது. சக்ஷன் ஹோஸை வெளியே பார்த்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய ஹோஸின் உள் ரப்பர் உரிந்து நாக்கு மாதிரி தொங்கும். இஞ்சின் வேகம் கூடும்போது அது உறிஞ்சப்பட்டு வழியையே அடைக்கும், நின்றதும் திரும்ப விலகிவிடும். அதனால் நிறுத்திவைத்துச் சோதித்தால் எதுவும் தெரியாது. கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். சாதாரணத் தண்ணீர்க் குழாயை அங்கே மாட்டினால் உறிஞ்சும் வேகத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே கம்பிச்சுருள் உள்ள சக்ஷன் ஹோஸ்தான் வேண்டும்.

ஆறியிருக்கும்போது சரி, சூடானதும் டைட்

எண்ணெய் சூடானால் நீர்க்கும்; நீர்த்த எண்ணெய் தேய்ந்த இடைவெளிகளில் நழுவும். பம்ப், யூனிட், சிலிண்டர் மூன்றில் எதன் தேய்மானமும் இப்படிக் காட்டும். எண்ணெய் சூடாக இருக்கும்போதே மேலே சொன்ன கேஜ் சோதனையைச் செய்யுங்கள், ஆறவிட்டுச் செய்தால் தப்பித்துவிடும். ஊற்றியிருக்கும் எண்ணெய் தேவையைவிட மெல்லியதா என்றும் பாருங்கள். புத்தகம் 68 என்ற தடிமன் எண்ணுள்ள எண்ணெயைக் கேட்கும் இடத்தில் 46 ஊற்றியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

எதற்காக இவ்வளவு சூடாகிறது என்பது தனிக் கேள்வி. ரிலீஃப் எப்போதும் பாதி திறந்தே இருந்தால் எண்ணெய் கொதிக்கும். யூனிட்டைச் சமீபத்தில் மாற்றியிருந்தால் வகை பொருந்துகிறதா என்று உறுதி செய்யுங்கள். ஓப்பன் சென்டர் யூனிட் இருந்த இடத்தில் குளோஸ்டு சென்டர் யூனிட்டை மாட்டிவிட்டால், ஸ்டீயரிங்கைத் தொடாமல் இருக்கும்போதும் பம்பின் எண்ணெய் முழுவதும் ரிலீஃப் வழியாகவே போகும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், போல்ட் துளைகூடப் பொருந்தும். தகட்டில் உள்ள எண்ணைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

ஆறியிருக்கும்போது டைட், சூடானதும் சரி என்றால் எண்ணெய் தடிமனாக இருக்கிறது, அல்லது ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறது.

லோடரை இயக்கும்போது ஸ்டீயரிங் செத்துவிடுகிறது

ஒரே பம்ப் இரண்டுக்கும் எண்ணெய் கொடுக்கும் வண்டிகளில் பிரையாரிட்டி வால்வு இருக்கும். ஸ்டீயரிங்குக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத்தான் அது லோடருக்கு விட வேண்டும். அதன் ஸ்பூல் அரக்குப் பிடித்துச் சிக்கினாலோ, ஸ்பிரிங் ஒடிந்தாலோ வரிசை தலைகீழாகிவிடும். லோடு சென்சிங் லைன் உள்ள வண்டியில் அந்த மெல்லிய லைனையும் அதன் சிறு துளையையும் முதலில் பாருங்கள். அந்தத் துளையில் தூசு அடைத்தால், ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் வேண்டும் என்ற செய்தியே வால்வுக்குப் போகாது. ஸ்பூலை எமரித்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். டீசலில் கழுவி, எண்ணெய் தடவி, தன் எடையிலேயே நழுவுகிறதா என்று பார்த்தால் போதும்.

ஒரு பக்கம் மட்டும் டைட்

முதலில் ஒன்று: ஒரே பக்கம் ராடு நீட்டும் ஒற்றை சிலிண்டர் உள்ள வண்டியில், இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் சுற்று எண்ணிக்கை வேறுபடுவது இயல்பு. ராடு உள்ள பக்கத்தில் பிஸ்டனின் பரப்பு குறைவு, அதனால் எண்ணெயும் குறைவாகத் தேவை, தள்ளும் பலமும் குறைவு. பழுது அல்ல.

இயல்பைத் தாண்டிய வித்தியாசம் என்றால் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. முன் சக்கரங்களைத் தூக்கித் தாங்கியில் நிறுத்தி, சிலிண்டர் முனையில் இரண்டு ஹோஸ்களையும் இடம் மாற்றி மாட்டுங்கள். இப்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் சக்கரம் வலப்பக்கம் போகும். முன்பு இடப்பக்கம் ஒடித்தபோது டைட்டாக இருந்தது என்றால், இப்போதும் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிக்கும்போதே டைட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பழுது யூனிட்டிலோ அந்தப் பக்க ஹோஸிலோ இருக்கிறது. அதற்கு மாறாக, சக்கரம் இடப்பக்கம் போகும்போது டைட் வந்தால் பழுது சிலிண்டரிலோ ஆக்சிலிலோ இருக்கிறது. பார்த்து முடித்ததும் ஹோஸ்களைப் பழையபடி மாட்டிவிடுங்கள். ஹோஸ் மாறிய நிலையில் வண்டியை ஓரடிகூட நகர்த்தக் கூடாது.

யூனிட் பக்கம் என்றால் அந்தப் பக்கத்து ஷாக் வால்வு (சக்கரம் அடிபடும்போது ஏறும் அழுத்தத்தை விடுவது) திறந்தபடி நிற்கலாம். ஹோஸ் பக்கம் என்றால் உள் ரப்பர் உரிந்து ஒருவழிக் கதவாகிவிட்டிருக்கலாம். சிலிண்டர் பக்கம் என்றால் ராடு வளைந்திருக்கிறதா என்று ஒரு நேர்விளிம்பை வைத்துப் பாருங்கள். குழியில் இறங்கி ஏறும் வண்டியில் அது அடிக்கடி நடப்பது.

ஸ்டீயரிங் சுற்றுகிறது, சக்கரம் திரும்பவில்லை

ஸ்டீயரிங் லேசாகச் சுற்றி, சக்கரம் அசையவே இல்லை என்றால் தூணின் அடியிலுள்ள பல் தேய்ந்து நழுவுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு எண்ணெய் அளவு, லைனில் காற்று. இஞ்சின் நின்றிருக்கும்போது மட்டும் இப்படி என்றால், யூனிட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு குண்டைச் சந்தேகப்படலாம். பம்ப் நின்றாலும் ஆர்பிட்ரால் கைப்பம்பாக வேலை செய்து, ரிட்டர்ன் பக்கத்திலிருந்து எண்ணெயை இழுத்துச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். அந்த வழியைக் காக்கும் குண்டு காணாமல் போனாலோ சரியாக உட்காராவிட்டாலோ, இஞ்சின் நின்ற கணமே வண்டி உங்கள் கையை விட்டுப் போய்விடும். யூனிட்டைப் பிரித்து மாட்டிய பிறகு இந்தக் கோளாறு வந்தால் குண்டைப் போட மறந்திருக்கிறார்கள்.

ஓரம் வரை ஒடித்த பிறகும் ஸ்டீயரிங் நழுவிக்கொண்டே போவது வேறு. மிக மெதுவாக நகர்ந்தால் பொறுக்கலாம். தாராளமாகச் சுற்றினால் எண்ணெய் எங்கோ உள்ளுக்குள் நழுவுகிறது. ஓரத்திலிருந்து ஓரத்துக்கு எத்தனை சுற்று என்பதும் இதையே சொல்லும். சிலிண்டர் 400 சி.சி. எண்ணெய் கொள்ளும், யூனிட் சுற்றுக்கு 100 சி.சி. தரும் என்றால் 4 சுற்று. அதே வண்டி 6 சுற்று கேட்டால் 200 சி.சி. வழியில் தொலைகிறது.

சிலிண்டரா யூனிட்டா என்று பிரிக்க, சக்கரத்தை ஒரு ஓரம் வரை ஒடித்து இஞ்சினை நிறுத்துங்கள். பிஸ்டன் முட்டி நிற்கிறது. எண்ணெய் வெளியேறிய பக்கத்து ஹோஸை மட்டும் சிலிண்டரில் கழற்றி, ஹோஸ் வாயை அடையுங்கள். சிலிண்டர் துளைக்குக் கீழே ஒரு டப்பா. இஞ்சினை ஸ்லோவில் விட்டு, அதே திசையிலேயே மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். திறந்த துளையிலிருந்து எண்ணெய் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. வரவில்லை, ஆனாலும் ஸ்டீயரிங் நழுவுகிறது என்றால் யூனிட். எதிர்த்திசையில் மட்டும் ஒடித்துவிடாதீர்கள். அடைத்த ஹோஸில் முழு அழுத்தமும் ஏறும்.

துள்ளல், நுரை, முனகல்

ஸ்டீயரிங் திக்கித் திக்கிப் போகிறது, டேங்கில் நுரை தெரிகிறது, பம்ப் முனகுகிறது: மூன்றும் சேர்ந்து வந்தால் காற்று நுழைகிறது. எண்ணெய் ஒழுகாத இடத்திலும் காற்று நுழையும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சக்ஷன் பக்கத்தில் இஞ்சின் ஓடும்போது உறிஞ்சல் இருப்பதால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இஞ்சின் ஓடும்போது சக்ஷன் லைனின் ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டிக் கிரீஸைச் சுற்றிப் பூசுங்கள். எந்த இணைப்பில் பூசியதும் சத்தம் மாறுகிறதோ, பழுது அங்கே. கிளாம்ப், ஓ-ரிங், பம்பின் ஷாஃப்ட் சீல் என்று வரிசையாகப் பாருங்கள். ரிட்டர்ன் குழாயின் முனை எண்ணெய் மட்டத்துக்கு மேலே நின்று கொட்டினாலும் நுரை எழும்.

எண்ணெய் வெளுத்திருந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். காற்று என்றால் சிறிது நேரத்தில் அடியிலிருந்து தெளிந்து வரும். பால்போலவே நின்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. முழு எண்ணெயையும் மாற்ற வேண்டும்.

ஓரம் வரை ஒடிக்கும்போது மட்டும் வரும் சீறல் ரிலீஃப் திறக்கும் ஓசை. அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம், அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்காமல் இருந்தால் போதும்.

வண்டி அலைகிறது, ஸ்டீயரிங்கில் ஆட்டம்

இதற்கு ஹைட்ராலிக் காரணம் குறைவு. ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் சிறிது ஆட்ட, இன்னொருவர் ஓரமாக நின்று தூணிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்கட்டும். டை ராடு பால் ஜாயின்ட், சிலிண்டரின் இரு முனைப் பின்கள், கிங்பின் புஷ், ஆக்சிலின் நடு பின் என எது முதலில் அசைந்து அடுத்தது தாமதமாக அசைகிறதோ, அங்கேதான் ஆட்டம். ராம் வகையில் ஸ்டீயரிங் பாக்ஸின் ஆட்டத்தைக் குறைக்கும் திருகை, சக்கரம் நேராக இருக்கும் நிலையில்தான் சரிசெய்ய வேண்டும். ஓரத்தில் வைத்துச் சரிசெய்தால் நடுவில் வரும்போது பிடித்துக்கொள்ளும்.

கையை விட்டாலும் தானே சுற்றுகிறது

இது ஆபத்தான அறிகுறி. வண்டியை உடனே நிறுத்துங்கள், சரியாகும் வரை ஓட்டாதீர்கள்.

யூனிட்டுக்குள் தட்டையான ஸ்பிரிங் தகடுகள் இருக்கும். கையை எடுத்ததும் ஸ்பூலை நடுநிலைக்குக் கொண்டுவருவது அவற்றின் வேலை. அவை ஒடிந்தாலோ, ஸ்பூலுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே துகள் சிக்கினாலோ எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும், ஸ்டீயரிங்கும் சுற்றிக்கொண்டே இருக்கும். திறக்கும் முன் தூணைப் பாருங்கள். தூண் யூனிட்டின்மேல் கீழ்நோக்கி அழுந்தி உட்கார்ந்திருந்தாலும், கோணலாக மாட்டியிருந்தாலும் ஸ்பூல் திரும்பாது. தூணின் போல்ட்களைத் தளர்த்தியதும் சரியானால் யூனிட்டைத் திறக்க வேண்டியதே இல்லை.

ராம் வகையில் இஞ்சினைப் போட்டதும் சக்கரம் தானே ஒரு பக்கம் இழுத்தால், கண்ட்ரோல் வால்வின் ஸ்பூல் நடுவில் இல்லை. சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டு, புத்தகத்தில் உள்ளபடி நடுநிலையைச் சரிசெய்ய வேண்டும்.

ஒடிக்கத் தொடங்கும் கணத்தில் ஸ்டீயரிங் கையை உதைக்கிறதென்றால், பம்ப் எண்ணெய் நுழையும் வாயில் இருக்கும் செக் வால்வு (ஒருவழி வால்வு) வேலை செய்யவில்லை. ஒடித்த திசைக்கு எதிராகச் சக்கரம் போனால் இடது, வலது ஹோஸ் மாறியிருக்கிறது.

ஒழுகல்

தூணின் அடியில் எண்ணெய் வழிந்து கால் மிதிக்கும் இடம் ஈரமானால் யூனிட்டின் ஷாஃப்ட் சீல். மாற்றும் முன் ரிட்டர்ன் லைன் அழுத்தத்தையும் பாருங்கள். ரிட்டர்ன் ஃபில்டர் அடைத்து அழுத்தம் பின்னால் ஏறினால், புது சீலும் அதே கதியில் போகும். சிலிண்டர் வாயில் ஒழுகினால் ராடின் குரோம் பூச்சில் கீறல், துரு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள் (இஞ்சினை நிறுத்தி, அழுத்தம் விட்ட பிறகு). நகம் தட்டுகிற கீறல் இருந்தால் சீலை மட்டும் மாற்றுவது வீண்.

கடைசியாக ஆர்பிட்ராலைத் திறக்க வேண்டி வந்தால்

வெளிப்புறத்தை முழுக்கக் கழுவிய பிறகே கழற்றுங்கள். மண் ஒரு துகள் உள்ளே போனாலும் வேலை வீண். சுத்தமான மேசை, நூல் உதிராத துணி, கழுவ டீசல், வைக்க மூடியுள்ள தட்டு. உள்ளே உள்ள ஸ்பூலும் ஸ்லீவும் ஒன்றுக்கொன்று ஜோடியாகத் தேய்க்கப்பட்டவை. ஒரு யூனிட்டின் ஸ்பூலை இன்னொன்றின் ஸ்லீவில் போட முடியாது. ஆழமான கோடு விழுந்திருந்தால் சீல் கிட் உதவாது, யூனிட்டையே மாற்ற வேண்டும்.

ஒவ்வொன்றையும் எடுக்கும்போது படம் எடுத்துவையுங்கள். உடல், தட்டு, பல் வளையம், மூடி நான்கின் மேலும் ஒரே நேர்க்கோடு கிழித்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது பெரும்பாலான தவறு நடக்கும் இடம் ஒன்றே: நடு ஷாஃப்டுக்கும் உள் பல்சக்கரத்துக்கும் உள்ள பொருத்தம். ஸ்லீவின் குறுக்கே போகும் பின்னின் திசை, உள் பல்சக்கரத்தின் இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்கு நேராக வர வேண்டும். ஒரு பல் தவறினாலும் இஞ்சினைப் போட்ட நொடியில் ஸ்டீயரிங் மோட்டார்போலத் தானே சுழலும். ஆகவே பிரித்து மாட்டிய யூனிட்டை முதன்முதலில் ஓடவிடும்போது ஸ்டீயரிங் வளையத்தின் கைகளுக்கு நடுவே உங்கள் கையை நுழைத்துப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டு ஒடிந்துவிடும். மூடி போல்ட்களைக் குறுக்கும் நெடுக்குமாக, படிப்படியாக, புத்தகத்தில் உள்ள அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பல்சக்கரம் பிடித்துக்கொள்ளும், அதுவும் டைட்டாகத்தான் தெரியும்.

காற்றை எடுப்பது

முன் சக்கரங்கள் காற்றில் இருக்கட்டும். டேங்கை நிரப்பி, இஞ்சினை ஸ்லோவில் விட்டு, சில நிமிடம் ஸ்டீயரிங்கைத் தொடாமல் ஓடவிடுங்கள். பிறகு ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெதுவாக ஒடித்துத் திருப்புங்கள். ஓரத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டாம். இடையிடையே எண்ணெய் அளவைப் பார்த்து ஊற்றுங்கள். அளவு குறைந்து பம்ப் மறுபடி காற்றை இழுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நுரை நின்று, ஸ்டீயரிங் திக்காமல் சீராகப் போகும் வரை இதைத் தொடருங்கள்.

பிறகு சக்கரத்தை இறக்கி, பக்கெட் காலியாக, ஆள் இல்லாத சமதளத்தில் முதல் கியரில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒடித்து, கையை எடுத்ததும் ஸ்டீயரிங் அங்கேயே நிற்கிறதா என்று பார்த்த பிறகே லோடு ஏற்றலாம். எண்ணெய் நன்றாகச் சூடானதும் கழற்றி மாட்டிய ஒவ்வொரு இணைப்பையும் அட்டைத் துண்டோடு ஒருமுறை பார்த்துவிட்டு, இஞ்சின் நின்று அழுத்தம் விட்டபின் எண்ணெய் அளவைச் சரிசெய்யுங்கள். ஃபில்டரை மட்டும் சில நாள் வேலைக்குப் பிறகு இன்னொருமுறை மாற்றுங்கள்; பழைய லைனில் ஒட்டியிருந்த கசடெல்லாம் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருக்கும்.